சுற்றிலும் முப்பது

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மில்லிக்காரர் என்றால்தான் தெரியும். தச்சு வேலை செய்தவர். மற்ற தச்சர்கள் ஒரு அலமாரியைக் கொண்டுவந்து இறக்கினால் "நல்லா உட்காந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். இவர் மட்டும் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, "வலப்பக்கம் ஒரு மில்லி இடிக்குது, நாளைக்கு வந்து எடுத்துர்றேன்" என்பார். அந்த ஒரு மில்லி வாங்கியவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பரவாயில்லை, இருக்கட்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சிவந்துவிடும். மறுநாள் வந்து இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, வைத்த காபியைக்கூடத் தொடாமல் போய்விடுவார்.

எதையும் மில்லிமீட்டரில் பேசித்தான் அவருக்குப் பழக்கம். பட்டறையில் எல்லோருமே அப்படித்தான். அறுநூறு என்றால் அறுநூறு மில்லி, பதினெட்டு என்றால் பதினெட்டு மில்லி. பின்னால் மில்லி என்று சேர்த்துச் சொல்பவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். ஆனால் இவர் அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஜன்னலை ஐம்பது திறந்து வை என்பார். ரொட்டியைப் பதினைந்தாக வெட்டு என்பார். அவர் மனைவி தையல்காரி. அவளுக்கு எல்லாம் இஞ்ச் கணக்கு. கல்யாணமான புதிதில் இதை வைத்தே நாலு சண்டை வந்திருக்கிறது. திரைச்சீலைக்கு இவர் ஒரு எண்ணைச் சொல்ல, அவள் வேறு கணக்கில் வெட்ட, அது பாதி ஜன்னலில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் மனசுக்குள்ளேயே அவர் மில்லியை இஞ்ச்சாக மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். அவர் எதையும் மாற்றிக் கற்றுக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

முழங்கால் போனதும் பட்டறை போயிற்று. நின்று செய்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். பட்டறையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் வீட்டுக் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார். முதல் ஒரு மாதம் வீடு முழுக்க இடைவெளி தேடி அலைந்தார். ஒட்டாத கதவெல்லாம் ஒட்டியது, ஆடுகிற நாற்காலியெல்லாம் நின்றது. அதற்கப்புறம் சரிசெய்ய ஒன்றுமில்லாமல் போனபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். பேச்சு குறைந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட ம் என்று ஒரு சத்தம்தான் வரும். வேலையில்லாத மனுஷன் வீட்டில் இருப்பது பட்டன் இல்லாத சட்டை மாதிரி என்று மனைவி போனில் தன் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவளுக்கு உள்ளூர பயம்தான்.

வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வந்தது அவள் விரல்களுக்காக. குளிர் கொஞ்சம் ஏறினாலும் அவளுடைய விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிடும். ஊசி பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது. பழைய கேஸ் பாய்லர் காலையில் இரண்டு மணி நேரம் வீட்டை அடுப்பாக்கும், பிறகு அணைந்துவிடும். மத்தியானம் தைக்கிற அறை கிணறு மாதிரி குளிர்ந்து கிடக்கும். அந்த பாய்லரும் கடைசியில் கிழடு தட்டி இருமத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு பஸ் டிரைவர்தான் யோசனை சொன்னார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது கரண்டை எரித்து சூடு உண்டாக்குவதில்லை, வெளியே இருக்கிற காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது, ஃபிரிட்ஜைத் திருப்பி வைத்த மாதிரி என்று விளக்கினார். குளிர்ந்த காற்றில் ஏது சூடு என்று மில்லிக்காரர் மடக்கினார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள், உள்ளே இருக்கிற குளிர்ந்த பாலிலிருந்துதானே அந்தச் சூட்டை எடுக்கிறது என்று டிரைவர் கேட்டதும் இவர் சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார்.

மெஷினைப் பொருத்த வந்த மெக்கானிக் சுறுசுறுப்பான ஆள். வேலை செய்துகொண்டே பாடம் நடத்துவார். கொல்லைச் சுவரோரமாக மின்விசிறி வைத்த பெரிய சாம்பல் நிறப் பெட்டியை நிறுத்தினார். உள்ளே சமையலறைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. நடைவழிச் சுவரில் ஒரு சின்னத் திரை. அந்தத் திரையில் ஒரு எண் வரும் என்று காட்டினார். அதுதான் மெஷினின் மார்க்கு. ஒரு யூனிட் கரண்ட் குடித்து மூன்று யூனிட் சூடு தந்தால் மூன்று, நாலு தந்தால் நாலு. இந்த ஊரில் ஒரு யூனிட் கரண்ட் விலை ஒரு யூனிட் கேஸ் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே எண் மூன்றுக்கு மேலே இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள், ரொம்பக் கீழே போனால் கேஸே தேவலை என்றார். இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். அறைகளில் வெந்நீர் ஓடுகிற ரேடியேட்டர் முன்னைப் போலத் தொட்டால் சுடாது, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதற்காகப் பயந்து சூட்டைக் கூட்டாதீர்கள். சிக்கனம் என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடாதீர்கள், அது பாட்டுக்கு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும், அதில்தான் செலவு குறைவு.

இலையுதிர் காலம் முழுக்க அந்த எண் நாலைத் தொட்டு நின்றது. மில்லிக்காரருக்கு அளக்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன் நடையில் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பார். "நாலு புள்ளி ஒண்ணு" என்று தைக்கிற அறையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். அவளும் கையுறை இல்லாமல் வெறும் கையோடு நாள் முழுக்கத் தைத்தாள். நாலு வருஷமாக வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த கல்யாண கவுன் வேலைகளைத் திரும்பவும் எடுத்தாள்.

ஒரே ஒரு குறை. வெளியே நிற்கிற பெட்டி அவள் தைக்கிற ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு நாள் நூல் கோர்த்துக்கொண்டே, பேச்சுவாக்கில், "தலை நிமிந்தா இந்த மூஞ்சியிலதான் முழிக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு மறந்தும்விட்டாள்.

அவர் மறக்கவில்லை. மறுநாள் கொட்டகைக் கதவு திறந்தது. ஒரு முக்காலியை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம் என்று கண்டுபிடித்தார். மெக்கானிக்குக்குப் போன் போட்டு, பெட்டிக்கு மரத்தில் ஒரு மறைப்பு செய்யலாமா என்று கேட்டார். அந்த ஆள் எங்கோ ஒரு கூரைமேல் நின்றுகொண்டிருந்தார், காற்றில் பேச்சு பாதி கேட்டது. தாராளமாகச் செய்யலாம், காற்று போக்குவரத்துக்கு மட்டும் இடம் வேண்டும், சுற்றிலும் முப்பது விடுங்கள், முன்னால் நூறு விடுங்கள் என்றார். மில்லிக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் எழுதிக்கொண்டார். முப்பது. நூறு.

அவர் வாழ்நாளிலேயே அவ்வளவு பெரிய இடைவெளி விட்டதில்லை. முப்பது என்றால் சும்மாவா, இரண்டு விரல் தடிமன் போகுமே என்று மனசு கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னவர் விஷயம் தெரிந்தவர். சுற்றிலும் சரியாக முப்பது விட்டார், முன்னால் நூறு. தேக்கில் சாய்வாக அடுக்கிய சட்டங்கள். ஒரு ஆணி கிடையாது, ஒரு திருகு கிடையாது, எல்லாம் மரத்துக்கு மரம் கவ்விக்கொள்ளும் மூட்டு. அந்த நாட்களில் கொட்டகையிலிருந்து விசில் சத்தம் வந்துகொண்டே இருந்தது. என்ன பாட்டு என்று அவருக்கே தெரியாது. மூன்று நோட்டு மேலே போய் ஒரு நோட்டு கீழே வரும், பிறகு திரும்ப முதலிலிருந்து. சாப்பிட வரும்போது தலைமுடியெல்லாம் மரத்தூளாக இருக்கும். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தானாகவே சொன்னார்.

இலையுதிர் காலக் கடைசியில் வேலை முடிந்ததும் தெருவே பார்க்க வந்தது. பஸ் டிரைவர் நாலா பக்கமும் போட்டோ எடுத்தார். தன் வீட்டுக் கொல்லையில் மெஷின் அநாதை மாதிரி நிற்கிறதே, தனக்கும் ஒன்று செய்து தரக்கூடாதா என்று கேட்டார். பார்க்கலாம் என்று மில்லிக்காரர் பிகு செய்துகொண்டார். மனைவி ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்து, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொன்னாள். அது அழகாகத்தான் இருந்தது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பிறகு குளிர்காலம் வந்தது. எண் இறங்கியது.

மூன்றரை, மூன்று, இரண்டே முக்கால். குளிர் கூடினால் எந்த மெஷினும் கொஞ்சம் திணறும் என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்ததால் முதலில் கவலைப்படவில்லை. இரண்டுக்கு வந்தபோது மில்லிக்காரருக்கு மூக்கு வியர்த்தது. காற்று எங்கேயோ புகுந்து சூட்டைத் திருடுகிறது என்று முடிவு கட்டினார். ஜன்னல் சட்டங்களுக்கு நுரைப் பட்டை ஒட்டினார். கதவுக்குக் கீழே ரப்பர் வைத்தார். தபால் போடும் துவாரத்துக்குத் துணி அடைத்ததில் இரண்டு நாள் கடிதம் எல்லாம் வாசலில் நனைந்தது. வீட்டில் ஒரு ஊசிமுனை இடைவெளி இல்லை. எண் ஒன்றே முக்காலுக்குப் போயிற்று.

பொறுமை போய் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டைக் கூட்டி வைத்தார். செய்யாதே என்று சொன்ன காரியம். மெஷின் இன்னும் திணறி, உள்ளே அவசரத்துக்கு என்று வைத்திருந்த ஹீட்டர் கம்பியைப் போட்டுக்கொண்டது. அது கெட்டில் மாதிரி, குடித்த கரண்டுக்கு மேல் ஒரு பொட்டு சூடும் கூடுதலாகத் தராது. மாதக் கடைசியில் வந்த கரண்ட் பில்லைப் பார்த்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேஸ் இருந்த குளிர்காலங்களில் ஆன செலவைப் போல ஒன்றரை மடங்கு, அதுவும் அரைகுறைச் சூட்டுக்கு.

பஸ் டிரைவர் வீட்டில் எண் மூன்றுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதாம். இதைக் கேட்டதும் மில்லிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அநாதை மெஷினா, பனி கொட்டுகிற கொல்லையில் போர்வைகூட இல்லாமல் நிற்பதா, மூன்று காட்டுகிறது? திரை கெட்டிருக்கும் என்றார். டிரைவர் நல்ல மனுஷர். இருக்கும் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் எண் படிப்பது மட்டும் நிற்கவில்லை. "ஒண்ணு புள்ளி எட்டு", "ஒண்ணு புள்ளி ஏழு" என்று நடையிலிருந்து குரல் வரும். தைக்கிற அறையிலிருந்து சரிங்க என்று பதில் வரும். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு தைத்தாள். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டாள். பிறகு அதுவும் போதாமல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் சமையலறைக்குப் போய் வெந்நீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மத்தியானம் விரல் மரத்திருந்ததில் ஊசி ஏறியதே தெரியவில்லை. வெள்ளைக் கவுனின் கழுத்துப் பட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்த பிறகுதான் பார்த்தாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, வசந்தம் வரும்வரை தங்கை வீட்டில் போய் இருக்கலாம் என்று நினைக்கிறேன் என்று சொன்னாள். தங்கை இருப்பது ரயிலில் அரை நாள் தூரத்தில் வேறொரு ஊர். பெரிய அடுக்கு மாடிக் கட்டடம், எந்நேரமும் கதகதப்பு. கவுன் வேலைகள் பாக்கி இருக்கிறது, அங்கே வைத்து முடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குச் சீட்டு இருக்கிறதாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலத்தான் சொன்னாள்.

மில்லிக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். பிள்ளைகள் இரண்டும் வேறு வேறு ஊர்களுக்குப் போன பிறகு இந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். கல்யாணமான நாளிலிருந்து, ஆஸ்பத்திரி நாட்களைத் தவிர, பிரிந்து இருந்ததே இல்லை. அவள் இல்லாத வீட்டில் காலையில் எண்ணைப் படித்து யாரிடம் சொல்வது? அவள் விரலுக்காக வாங்கிய மெஷின் அவளையே வீட்டைவிட்டு அனுப்புகிறது என்று நினைத்தபோது தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது, அறைக்குள் மூச்சு விட்டால் புகை தெரிகிறது.

சனிக்கிழமை காலை அவள் சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தைக்கும் கத்தரிக்கோலை ஒரு துவாலையில் சுற்றி நடுவில் வைப்பதை அவர் வாசலில் நின்று பார்த்தார். அந்தக் கத்தரிக்கோல் அந்த அறையைவிட்டு வெளியே போய் அவர் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் விறுவிறு என்று கொட்டகைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பிலேயே, வந்து இந்தச் சனியனைக் கழற்றிக்கொண்டு போங்கள், எவ்வளவு நஷ்டமானாலும் சரி, பழைய கேஸ் பாய்லரே வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று பொரிந்து தள்ளினார்.

மெக்கானிக் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணே, அந்த மரப்பெட்டியை எடுத்தாச்சா இல்லையா?" என்று கேட்டார்.

"எதுக்கு எடுக்கணும்?"

"அக்கா சொல்லலையா? போன மாசம் மெஷினைப் பாக்க வந்தப்பவே சொல்லிட்டுத்தானே வந்தேன். நீங்க முழங்காலைக் காட்ட டாக்டர்கிட்ட போயிருந்தீங்க. அந்த மறைப்புக்குள்ள அதுக்கு மூச்சே விட முடியல அண்ணே. தான் விட்ட குளிர்க்காத்தையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு நிக்குது. பின்னாடி பூரா ஐஸ் கட்டிப்போச்சு. அந்த ஐஸை உருக்கவே பாதி கரண்ட் போகுது."

மில்லிக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். "நீங்க சொன்ன அளவுதான் விட்டிருக்கேன். சுத்தி முப்பது. முன்னாடி நூறு. வேணும்னா வந்து அளந்து பாருங்க, ஒரு மில்லி கூடக் குறைய இருக்காது" என்றார்.



"மில்லியா?" என்றார் மெக்கானிக். "அண்ணே, நான் சொன்னது சென்டி. முப்பது சென்டி. முன்னாடி நூறு சென்டி, ஒரு மீட்டர்."

"நீங்க சென்டின்னு சொல்லல."

"மில்லின்னும் சொல்லல அண்ணே."

போனை வைத்துவிட்டு அவர் வெகுநேரம் கொட்டகையிலேயே இருந்தார். எதிரே பலகையில் அவர் கையெழுத்தில் முப்பது, நூறு என்று இருந்தது. சிரிப்பு வரவேண்டிய விஷயம். வேறு யாராவது செய்திருந்தால் பட்டறையில் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். அளவில் தப்புச் செய்ததை நினைத்துக்கூட அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. அக்கா சொல்லலையா என்று அந்த ஆள் கேட்டதுதான் நெஞ்சில் நின்றது. அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். தெரிந்துகொண்டே கோட்டைப் போட்டுக்கொண்டு தைத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே சரிங்க சரிங்க என்று பதில் சொல்லியிருக்கிறாள். இப்போது தெரிந்துகொண்டேதான் சூட்கேஸில் துணி அடுக்குகிறாள்.

கொல்லைக்கு வந்து மரப்பெட்டியின் முன்னால் நின்றார். ஆணியோ திருகோ இருந்தால் கழற்றலாம். இது கவ்விய மூட்டு. ரம்பம் வைத்து அறுத்தால்தான் பிரியும். இல்லாவிட்டால் முழுசாக மேல்நோக்கித் தூக்கி வெளியே எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். பஸ் டிரைவரைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். கூப்பிடவில்லை. ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினார்.

அவள் கோட்டோடு வெளியே வந்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தில் கை வைத்து நின்றவரைப் பார்த்தாள். எதற்கு, என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுபக்கம் போய்க் குனிந்து அடிச்சட்டத்தைப் பிடித்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததும், மெக்கானிக் சொன்னது பொய்யாக இருக்கக்கூடாதா என்று மனசின் மூலையில் இருந்த கடைசி ஆசையும் அவருக்குப் போய்விட்டது.

"முழங்காலைப் பாத்துங்க" என்றாள்.

தூக்கினார்கள். கனமான பெட்டி. இரண்டு தரம் மெஷினில் இடித்து மூன்றாம் தரம் வெளியே வந்தது. புல்லின்மேல் வைத்தபோது ஒரு மூட்டுகூட முனகவில்லை, அவ்வளவு நல்ல வேலை. மெஷினின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக ஐஸ், ஃபிரிட்ஜின் ஐஸ் அறையைப் பல மாதம் கவனிக்காமல் விட்டால் ஆகுமே அப்படி. மின்விசிறி நின்றது. உள்ளே ஏதோ புரண்டது. பிறகு மெஷின் ஐஸை உருக்கத் தொடங்கியது. அடியிலிருந்து தண்ணீர் ஓடியது, மேலே ஆவி கிளம்பியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "பட்டறையை விட்டதுக்கு அப்புறம் நீங்க விசிலடிச்சு நான் கேட்டது அந்தப் பெட்டி செஞ்சப்போ மட்டும்தான்" என்றாள்.

அவர் புல்லின்மேல் கிடந்த பெட்டியைப் பார்த்தார். "அதுக்காக? கை மரத்துப்போய் உக்காந்திருப்பியா? ஊரைவிட்டே கிளம்புவியா?"

"குளிர்காலம் போனா சரியாயிடும்னு நெனச்சேன். நான் இங்க இல்லைன்னா வீடு சூடா இருந்தா என்ன, இல்லைன்னா என்ன. உங்களுக்குத்தான் குளிரே தெரியாதே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். இதுவரை இல்லாத ஒரு சூடு அந்தக் குரலில் இருந்தது. "தினமும் காலைல அந்த எண்ணைப் படிச்சுச் சொன்னீங்க. ஒண்ணு புள்ளி ஏழு, ஒண்ணு புள்ளி எட்டுன்னு. உனக்குக் குளிருதான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். நேர்மையாகவே யோசித்தார். ஒரு நாள்கூட இல்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

இப்போது அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். "ஆனா கேட்டிருக்கலாம்."

மெஷின் தண்ணீரை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்கியது. மின்விசிறியின் காற்று அவர்கள் காலில் தடையில்லாமல் வந்து அடித்தது. ஜில்லென்று இருந்தது. அதற்குள் இருந்த சூடெல்லாம் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியை என்ன செய்வது என்று அன்று இரண்டு பேரும் பேசவில்லை. அது புல்லின்மேலேயே கிடந்தது. மத்தியானம் பஸ் டிரைவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார், ஜன்னலுக்குள் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மில்லிக்காரர் கூட்டி வைத்த தண்ணீர்ச் சூட்டைப் பழையபடி குறைத்தார். தபால் துவாரத்துத் துணியை எடுத்தார். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். குளிர்ந்து கிடந்த சுவர்கள் மெல்ல மெல்லத்தான் சூடு பிடித்தன.

சாயங்காலம் நடைவழியில் போகும்போது கால் தானாக அந்தத் திரைக்கு முன்னால் நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு புள்ளி ஒன்பது. பழக்கத்தில் தைக்கிற அறைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டிருந்தாள். சூட்கேஸ் மூடியபடி கட்டில்மேல் இருந்தது.

"குளிருதா?" என்று கேட்டார்.

கேட்கப் பழகாத ஆள் கேட்டதால் அது கொஞ்சம் அதட்டல் மாதிரிதான் வந்தது. அவள் வலக்கையை நீட்டினாள். அவர் அந்த விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துப் பார்த்தார். எவ்வளவு என்று எந்தத் திரையும் சொல்லாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நுனிகள் இன்னும் ஜில்லென்றுதான் இருந்தன. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் குளிருது" என்றாள்.

நாளைக்கு வண்டிக்குச் சீட்டு வாங்கியாயிற்றா என்று அவர் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து அவள் கையை விடுவித்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். சூட்கேஸைத் திறந்தாள். அடுக்கிய துணி எதையும் கலைக்காமல் நடுவில் கையை விட்டு, துவாலையில் சுற்றிய கத்தரிக்கோலை மட்டும் வெளியே எடுத்தாள். மற்றதை எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, கவுனின் கழுத்துப் பட்டையில் கறை பட்ட துண்டை வெட்டி எடுக்க உட்கார்ந்தாள்.